சாவுக்கு ஒரு பெட்டி, பூவுக்கு ஒரு பெட்டி

பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் அமெரிக்க இலக்கியத் தாளுக்குப் பாடத்திட்டமும் வினாத்தாளும் வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

அரியர் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் பாடம் சொல்லித்தருகிறவன் நான். போன மாதம் அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் ஒரு கவிதையை நடத்திக்கொண்டிருந்தேன். குளிர்காலப் பிற்பகலில் சாய்வாக விழும் ஒரு வெளிச்சம், தேவாலய இசையின் கனத்தோடு மனதை அழுத்துகிறது. அது விலகிப் போகும்போது, சாவின் முகத்தில் தெரிகிற தூரம்போல இருக்கிறது. கவிதை அவ்வளவுதான். முடித்ததும் முன்வரிசையில் இருந்த மாணவி கேட்டாள்: "சார், இத டெத்ல எழுதணுமா, நேச்சர்ல எழுதணுமா?"

அவளைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் தரும் வினாக்கள் அப்படித்தான் இருக்கின்றன. 'டிக்கின்சன்: மரணத்தின் கவிஞர்' என்று ஒரு கட்டுரை வினா, 'அமெரிக்கக் கவிதையில் இயற்கை' என்று இன்னொன்று. கைடு போடுகிறவர்களும் அதற்கேற்ப இரண்டு விடையைத் தயாராக வைத்திருக்கிறார்கள். ஒன்றில் வண்டியில் வந்து அழைத்துப்போகும் மரணம், மற்றதில் தேனீயும் பூவும்.

இந்தப் பிரிவினையை நீங்கள் தொடங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். டிக்கின்சன் 1886 மே மாதம் இறந்தார். அதன் பிறகுதான் தங்கை லவினியா அவருடைய கையெழுத்துப் பிரதிகளைக் கண்டெடுத்தார். மொத்தம் ஏறக்குறைய 1,800 கவிதைகள். அவற்றில் எண்ணூறுக்கும் மேற்பட்டவற்றை அவரே நாற்பது சிறு கையேடுகளாக ஊசி நூல் கொண்டு தைத்து வைத்திருந்தார். தலைப்பு கிடையாது, பகுப்பு கிடையாது. சவ ஊர்வலமும் வண்ணத்துப்பூச்சியும் அடுத்தடுத்த பக்கங்களில் வரும். 1890ல் மேபல் லூமிஸ் டாடும் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சனும் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தபோது அதை நான்கு பெட்டிகளாகப் பிரித்தார்கள்: வாழ்க்கை, காதல், இயற்கை, காலமும் நித்தியமும். அந்தச் சாய்ந்த வெளிச்சம் 'இயற்கை'க்குள் போனது. உறைபனி ஒரு பூவின் தலையைச் சீவிவிட்டுப் போக, சூரியன் எதுவும் நடக்காததுபோல் அடுத்த நாளை அளக்கிற கவிதை ஒன்று உண்டு. அதற்கு அவர்களே 'சாவும் வாழ்வும்' என்று தலைப்பு வைத்து, அதையும் இயற்கைப் பெட்டியில் போட்டார்கள். பெட்டி சரியாக மூடவில்லை என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கும். (டாட் இல்லையென்றால் அந்தக் கவிதைகள் அப்போது அச்சுக்கு வந்திருக்காது. அந்த நன்றியையும் சொல்லிவிடுகிறேன்.)

நீங்கள் எல்லோரும் பாடமாக வைக்கிற அந்த வண்டிக் கவிதையிலும் அதே தொகுப்பில் கை வைத்தார்கள். வண்டி பள்ளிக்கூடத்தைத் தாண்டுகிறது, கதிர் விளைந்த வயலைத் தாண்டுகிறது, மறையும் சூரியனைத் தாண்டுகிறது. "இல்லையில்லை, சூரியன்தான் எங்களைத் தாண்டியது" என்று திருத்திக்கொண்டு தொடங்கும் அடுத்த பத்தியில் பனி நடுக்கத்தோடு இறங்குகிறது, பேசுகிறவள் மெல்லிய உடுப்போடு குளிரில் இருக்கிறாள். தன் உடல் சில்லிட்டுப்போவதை அவள் உணர்வது அங்கேதான். 1890 தொகுப்பில் அந்தப் பத்தியே இல்லை. அது இல்லாமல் படித்தால் கதை ஒரு சுகமான வண்டிச் சவாரி. சில கைடுகளில் இன்றும் அந்தப் பத்தி விடுபட்ட வடிவம்தான் அச்சாகிறது என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

சாவும் செடியும் டிக்கின்சனுக்கு ஒரே தெருவில் இருந்த விஷயங்கள். 1840 முதல் 1855 வரை, அதாவது ஒன்பது வயதிலிருந்து இருபத்து நான்கு வயதுவரை, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்ட் ஊர் இடுகாட்டை ஒட்டிய வீட்டில்தான் அவர் வாழ்ந்தார். அதே வீட்டில் இருந்த காலத்தில்தான் செடிகொடிகளைப் பறித்து, உலர்த்தி, ஏட்டில் ஒட்டி, தன் கையால் லத்தீன் பெயர்களை எழுதிவைத்தார். 66 பக்கங்களில் 424 மாதிரிகள். அந்த ஏடு ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கிறது, இணையத்தில் யாரும் பார்க்கலாம். பறித்துக் காய்ந்த பூவை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் போய் இது சாவா, இயற்கையா என்று கேட்க எனக்கு வாய் வராது.

அவர் ஒருவரோடு இது முடியவில்லை. பாஸ்டனில் பிணங்களை ஊருக்கு நடுவே, தேவாலய நிலவறைகளிலும் நெருக்கமான இடுகாடுகளிலும் புதைத்துக்கொண்டிருந்தார்கள். அது உடல்நலத்துக்குக் கேடு என்று கவலைப்பட்டவர்களில் ஜேக்கப் பிகலோ ஒருவர். மருத்துவர், தாவரவியலாளரும்கூட. அவர் முயற்சியில், தோட்டக்கலைச் சங்கம் ஒன்றின் துணையோடு, 1831ல் மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டம் உருவானது. மரமும் குளமும் மேடும் பள்ளமுமாக இருந்த அந்த இடத்துக்கு மக்கள் உலாவப் போனார்கள். 1846ல் பதினைந்து வயது எமிலியும் போனார். களைத்த தன் பிள்ளைகள் படுத்துறங்கவே இயற்கை அந்த இடத்தை அமைத்ததுபோல இருக்கிறது என்று தோழிக்குக் கடிதம் எழுதினார்.

அதற்கும் முன்னால் வில்லியம் கல்லன் பிரயன்ட் என்ற கவிஞர். சாவைப் பற்றிய அவருடைய 'தனடாப்சிஸ்' என்றால் நம் பிள்ளைகள் கடைசி வரிகளை ஒப்பிப்பார்கள்: போர்வையைச் சுற்றிக்கொண்டு இனிய கனவுக்குப் படுப்பவனைப்போலச் சாவுக்குப் போ. அந்த முடிவு 1821ல் சேர்த்தது. 1817ல் அந்தக் கவிதை ஓர் இதழில் முதலில் வந்தபோது அது கிடையாது. அப்போது இருந்ததெல்லாம், உன்னை வளர்த்த மண் உன்னைத் திரும்பக் கேட்கும், நீ பாறைக்கும் மண்கட்டிக்கும் உடன்பிறப்பாவாய், கருவாலி மரத்தின் வேர் உன் உடல் மக்கிய மண்ணைத் துளைக்கும் என்பதுதான். பையன் அதை எழுதத் தொடங்கியபோது இருபது வயதுகூட ஆகவில்லை. ஆறுதல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

கவிஞர் வால்ட் விட்மனிடம் இது இன்னும் பச்சையாக இருக்கிறது. 1855ல் புல்லைக் 'கல்லறைகளின் வெட்டப்படாத அழகிய கூந்தல்' என்று சொன்னவர், அடுத்த ஆண்டே உரக்குழியைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். இத்தனை நோய்ப் பிணங்களையும் விழுங்கிவிட்டு இந்த மண் எப்படி இவ்வளவு சுத்தமான பழத்தைத் தருகிறது? நினைத்தால் எனக்கு மண்ணைக் கண்டே பயமாக இருக்கிறது என்கிறார். இதை நீங்கள் ஏன் பாடமாக வைப்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை. நான் வகுப்பில் படித்துக்காட்டியபோது விவசாயக் குடும்பத்துப் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

லிங்கன் 1865 ஏப்ரல் 15 காலையில் இறந்தபோது விட்மன் புருக்ளினில் தாயார் வீட்டில் இருந்தார். லைலாக் பூத்திருந்த பருவம். பிறகு அந்த வாசனை வரும்போதெல்லாம் அந்தச் சாவு நினைவுக்கு வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் எழுதிய இரங்கற்பாவில் லிங்கன் என்ற பெயரே இல்லை. லைலாக்கும் மேற்கே சாயும் நட்சத்திரமும் ஒளிந்து பாடும் பறவையும்தான். புறநானூற்றில் சாத்தன் மாய்ந்த பின்னும் முல்லையே நீ பூத்தாயோ என்று குடவாயிற் கீரத்தனார் கேட்டதைச் சொல்லிவிட்டு இதை நடத்தினால், கைடு தேவைப்படுவதில்லை.

ஹெர்மன் மெல்வில்லின் 'ஷைலோ' என்ற போர்க்களக் கவிதையையும் சேருங்கள். மொத்தமே பத்தொன்பது வரிகள். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 ஏப்ரலில் டென்னசியில் ஷைலோ என்ற இடத்தில் இரண்டு நாள் சண்டை. இறந்தவர், காயம்பட்டவர், காணாமல்போனவர் என்று 23,000 பேருக்கு மேல். கவிதையில் மழை பெய்து ஓய்ந்த வயல்மேல் தகைவிலான் குருவிகள் தாழப் பறக்கின்றன, கீழே இரு பக்கத்து வீரர்களும் ஒன்றாகக் கிடக்கிறார்கள். குருவிகளுக்கு எந்தப் பக்கமும் தெரியாது.

ஆகவே நான் கேட்பது இதுதான். அந்த இரண்டு வினாக்களையும் எடுத்துவிட்டு, ஒரு கவிதையை முழுதாக அச்சிட்டுக் கொடுத்து அதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். டிக்கின்சன் கவிதைகளுக்கு, அவர் கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்து 1955ல் வந்த ஜான்சன் பதிப்போ, அதற்குப் பிந்திய பதிப்போ என்று பாடத்திட்டத்திலேயே குறிப்பிடுங்கள். உரக்குழிக் கவிதைக்கு இடம் வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கட்டுரையைக் கழற்றிவிடலாம், யாரும் வருத்தப்படமாட்டார்கள்.

முன்வரிசைப் பெண்ணுக்கு அன்று நான் சொன்ன பதில்: "டெத்ல எழுது, மார்க் அங்கதான் விழும்." சொல்லிவிட்டு எனக்கே சங்கடமாகிவிட்டது. நவம்பரில் அவள் அந்தத் தாளை மூன்றாவது முறையாக எழுதுகிறாள்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு வாத்தியார்