கசகசா அளவு பூமியைத் தேடும் பாடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘இன்னொரு பூமி கிடைத்துவிட்டது’ வகைச் செய்திகளோடு நீலக்கடலும் மேகமுமாக வருகிற கோள்படங்கள் எல்லாம் ஓவியர் கைவண்ணம். விஞ்ஞானிகள் கையில் பெரும்பாலும் இருப்பது ஒரு கோடுதான்: கோள் குறுக்கே போனபோது விண்மீனின் வெளிச்சம் சற்றே இறங்கி, பிறகு ஏறிய வரைபடம். அந்தக் கோட்டை மாணவர்களையே எடுக்கவைக்கலாம், பெரிய செலவில்லை.

தேவையானவை: விண்மீனாக 10 செ.மீ. விட்டமுள்ள பால்வெள்ளை உருண்டை பல்பு ஒன்று, கோள்களாக 2 செ.மீ., 3 செ.மீ. களிமண் உருண்டைகள், கறுப்பு நூல், ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலி ஏற்றிய ஆண்ட்ராய்டு போன். (ஐபோனின் ஒளி உணரியை இந்தச் செயலியால் படிக்க முடியாது.) போனை 1 மீட்டர் தள்ளி, பல்பைப் பார்த்து நிறுத்துங்கள். உணரி முன்கேமரா பக்கத்தில் எங்கோ இருக்கும். விரலால் மூடிப் பார்த்தால் எண் சரியும் இடம் அதுதான். பிறகு 3 செ.மீ. உருண்டையைப் பல்பை ஒட்டினாற்போல் மெதுவாக நகர்த்தினால், வெளிச்சம் 9 விழுக்காட்டை ஒட்டிக் குறையும்.

பிள்ளைகள் 30 விழுக்காடு என்றுதான் ஊகிப்பார்கள். மறைவது பரப்பு, விட்டமல்ல, 0.3ஐ 0.3ஆல் பெருக்க வேண்டும். வரைபடத்தாளில் 10, 3 செ.மீ. விட்டத்தில் இரு வட்டங்கள் போட்டு, கட்டங்களை எண்ணச் சொன்னால் வாதம் முடிந்துவிடும்.

சோதனை சொதப்புவது பெரும்பாலும் உருண்டையைப் போனுக்கு அருகே கொண்டுவருவதால். பாதி வழியில் தொங்கவிட்டால் அதன் தோற்ற அளவு இரட்டிப்பாகி, இறக்கம் நான்கு மடங்காகும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி இறக்கத்தைக் குறைத்துக் காட்டும். பின்னால் கறுப்புச் சார்ட் கட்டுங்கள். எல்இடி பல்பு சூடாகச் சூடாகக் கொஞ்சம் மங்கும், ஆகவே போட்டு 10 நிமிடம் கழித்தே அளவெடுங்கள். எண் துள்ளிக்கொண்டே இருந்தால் அது மின்சாரத்தின் துடிப்பு. அதற்கு யூஎஸ்பி பல்பு மேலானது.

இதே பல்பு சூரியன் என்றால் வியாழன் 1 செ.மீ., இறக்கம் 1 விழுக்காடு. பூமியோ 0.9 மி.மீ., ஒரு கசகசா. அது மறைக்கும் ஒளி ஏறத்தாழ 12,000இல் ஒரு பங்கு. போன் அசையவே அசையாது. 2009இல் ஏவிய கெப்ளர் தொலைநோக்கி பிடிக்க முயன்றது இதைத்தான். டிராப்பிஸ்ட்-1 போன்ற குட்டிச் சிவப்பு விண்மீன்களின் மேல் இவ்வளவு கண் ஏன் என்பதும் இங்கே விளங்கும். நம் அளவுகோலில் அந்த விண்மீனே 1.2 செ.மீ.தான், அதன் முன் கசகசா போனால் அரை விழுக்காட்டுக்கு மேல் குறையும். அதைச் சுற்றும் ‘இ’ என்ற கோள் 6 நாளுக்கொரு முறை குறுக்கே வருகிறது. பூமியைப் போன்றதற்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

‘வாழத்தகு மண்டலம்’, அதாவது கோளின் மேல் நீர் திரவமாக இருக்கக்கூடிய தூரம், என்ற சொல்லையும் கவனமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சூரியனைப் பொறுத்தவரை நம் நிலாவும் அந்த மண்டலத்தில்தான் இருக்கிறது; காற்றில்லாததால் அங்கே நீர் தேங்காது. தூரம் தெரிந்தால் போதாது, காற்று உண்டா என்று தெரிய வேண்டும். இந்த இறக்கம் சொல்வதோ கோளின் பருமனை மட்டும். எடைக்கு வேறு அளவீடு வேண்டும்.

அடுத்த முறை அப்படியொரு படம் போடும்போது, கீழே ‘ஓவியம்’ என்று ஒரு சொல்லும் பக்கத்தில் அந்த ஒளிக்கோடும் அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்