வாக்குப் பெட்டிக்கு முன்பே முடிந்துவிடும் தேர்தல்

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலையும் சாப்பாடும் ஒத்துக்கொண்டதை அறிந்து நிம்மதி. அதில் நீ போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2023 தேர்தலில் நூற்றுக்கு எண்பத்து நான்கு பேருக்கு மேல் வாக்களித்தும் ஆளுங்கட்சி 125 இடங்களில் 120ஐப் பிடித்தது என்றால், கம்போடிய மக்களுக்கு எதிர்க்கட்சியே தேவைப்படவில்லை என்றுதானே பொருள் என்று கேட்டிருந்தாய். பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்து பழகியவள் என்பதால், எண்ணிக்கையைக் காட்டிலும் வேட்பாளர் பட்டியலைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அந்தப் பட்டியலில் இருந்திருக்க வேண்டிய கட்சி அங்கே இல்லை.

2022 உள்ளாட்சித் தேர்தலில் ஏறத்தாழ 22 விழுக்காடு வாக்குகளைப் பெற்ற எதிர்க்கட்சியான மெழுகுவர்த்திக் கட்சியை, உள்துறை அமைச்சகம் வழங்கிய பதிவுச் சான்றின் மூலப்படியைத் தரவில்லை என்று சொல்லி, தேசியத் தேர்தல் குழு 2023 மே மாதம் போட்டியிலிருந்தே விலக்கியது. முந்தைய ஆண்டுத் தேர்தலில் போட்டியிட அனுமதிக்கப்பட்ட அதே கட்சிதான் அது. மூலச் சான்று 2017இல் காவல்துறைச் சோதனையின்போது காணாமற்போனது என்று கட்சி கூறியதை யாரும் பொருட்படுத்தவில்லை. அரசியலமைப்பு மன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. எஞ்சிய ஐந்து இடங்களைப் பெற்ற ஃபுன்சின்பெக், ஆளுங்கட்சியை எதிர்க்கும் வலுவை எப்போதோ இழந்துவிட்ட, மன்னர் குடும்பத்தை ஆதரிக்கும் கட்சி.

அந்த 2017ஆம் ஆண்டில்தான் விஷயத்தின் வேர் இருக்கிறது. 2013 பொதுத்தேர்தலில், சாம் ரெய்ன்சியும் கெம் சொக்காவும் தத்தம் கட்சிகளை இணைத்து உருவாக்கிய கம்போடிய தேசிய மீட்புக் கட்சி, 123 இடங்களில் 55ஐ வென்று, ஆளுங்கட்சித் தலைவரான பிரதமர் ஹுன் சென்னின் அரசை உலுக்கியது. 2017 ஜூனில் நடந்த கம்யூன் எனப்படும் உள்ளாட்சி அமைப்புகளுக்கான தேர்தலில் மொத்தம் 1,646 கம்யூன்களில் 489இன் தலைமையை அது கைப்பற்றியபோது, அடுத்த பொதுத்தேர்தலில் ஆட்சியே கைமாறக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. செப்டம்பர் மாதம் நள்ளிரவில் கெம் சொக்கா தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். பெரும் வரிபாக்கி சுமத்தப்பட்டு ஒரு செய்தித்தாள் மூடப்பட்டது. நவம்பர் 16 அன்று, ஆளுங்கட்சியில் உயர்பொறுப்பு வகித்தவரையே தலைமை நீதிபதியாகக் கொண்ட உச்ச நீதிமன்றம், எதிர்க்கட்சியைக் கலைத்து, அதன் தலைவர்கள் 118 பேருக்கு ஐந்தாண்டு அரசியல் தடையும் விதித்தது. மக்கள் கொடுத்த நாடாளுமன்ற இடங்களும் கம்யூன் பதவிகளும் வேறு கட்சிகளுக்குப் பங்கிடப்பட்டன. கம்யூன்களைப் பொறுத்தவரை பெரும்பகுதி ஆளுங்கட்சிக்கே போய்ச் சேர்ந்தது.

அடுத்த ஆண்டுத் தேர்தலில் 125 இடங்களும் ஆளுங்கட்சிக்கே கிடைத்தன. ஆனால் என்னை அன்று நெடுநேரம் யோசிக்க வைத்தவை, ஏறத்தாழ ஆறு லட்சம் செல்லாத வாக்குகள். இரண்டாம் இடம் பெற்ற கட்சியின் வாக்குகளைவிட அவை அதிகம். இந்தியாவில் 'இவர்களில் யாரும் வேண்டாம்' என்று அழுத்துவதற்கு ஒரு பொத்தான் உண்டு. அங்கே அது இல்லாததால், வாக்குச்சீட்டையே கெடுப்பதுதான் பலருக்கு எஞ்சியிருந்த வழி. விரலில் மை இல்லாதவரை ஊரார் எளிதில் கண்டுகொள்வார்கள் என்பதால் வாக்களிக்காமல் வீட்டிலிருப்பதற்கும் துணிவு வேண்டும். நீ சொன்ன அந்த எண்பத்து நான்கில் ஆர்வம் எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று எந்த எண்ணும் பிரித்துக் காட்டாது. 2023 தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு அந்த வழியையும் குறுக்கினார்கள்: வாக்களிக்காதவர்கள் பின்னாளில் வேட்பாளராக நிற்பதற்குத் தடை வந்தது, சீட்டைச் செல்லாததாக்கும்படி பிறரைத் தூண்டுவோர்க்குத் தண்டனையும் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் கெம் சொக்காவுக்கு 27 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு வீட்டுக்காவலும் தொடங்கியிருந்தது. ஆகஸ்டில் தந்தை ஹுன் சென்னிடமிருந்து மகன் ஹுன் மானெட் பிரதமர் பதவியை ஏற்றார்.

எதிர்க்கட்சியினர் குறையே இல்லாதவர்கள் என்று நான் வாதாட வரவில்லை. சாம் ரெய்ன்சி 2015 முதல் வெளிநாட்டிலேயே இருக்கிறார். அவரது ஆதரவாளர்களுக்கும் கெம் சொக்காவின் ஆதரவாளர்களுக்கும் இடையிலான பிணக்கு கட்சியைப் பலவீனப்படுத்தியது. வியட்நாமியச் சிறுபான்மையினர் மீதான வெறுப்பைக் கிளறி வாக்குச் சேகரித்ததை என்னால் ஏற்கவே முடியாது. எனினும் அந்தக் குறைகளை எடைபோட வேண்டியவர்கள் வாக்காளர்கள். அந்த வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1993இல் ஐ.நா. மேற்பார்வையில் கிடைத்தபோது, அவர்கள் ஃபுன்சின்பெக்குக்கு 58 இடங்களும் ஹுன் சென் கட்சிக்கு 51 இடங்களும் கொடுத்தார்கள். தோற்ற தரப்பு விலக மறுத்ததால் நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள் வந்தார்கள். 1997 ஜூலையில் அவர்களில் ஃபுன்சின்பெக் தரப்புப் பிரதமர் ஆயுத பலத்தால் துரத்தப்பட்டார்.

2027இல் மீண்டும் கம்யூன் தேர்தல் வரும்; அப்போதும் நீ புனோம் பென்னில் இருந்தால், உன்னோடு வேலை செய்கிறவர்களிடம் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று விளையாட்டாகக்கூடக் கேட்காதே. உனக்கு விசா போகலாம், அவ்வளவுதான். அவர்களுக்கு வேலையும் போகலாம், வழக்கும் வரலாம். அவர்களாகவே சொன்னால் கேட்டுக்கொள், கைப்பேசியில் எனக்கு எழுதாதே. ஊருக்கு வரும்போது நேரில் சொல்.

அன்புடன்,
அம்மா