அந்த பழைய டயல கேட்டு வாங்குங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல பழைய எச்.எம்.டி வாட்ச்சுங்கள புதுசு மாதிரி மாத்தி குடுக்குறாங்கன்னு ஒரு செய்தி போட்டோவோட வந்துச்சு, பச்ச, ஆரஞ்சு, ஊதான்னு டயலுங்க பளபளன்னு இருந்துச்சு. பாக்க அழகாதான் இருக்கு, ஆனா எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு சார். அதுல நெறைய டயல் கம்பெனி டயலே இல்ல, பழச சொரண்டிட்டு மேல பெயிண்ட் அடிச்சி எழுத்த திரும்ப அச்சு போட்டது. எனக்கு இதே மாதிரி நடந்துச்சு, அத எழுதுறேன், இடம் இருந்தா போடுங்க.

எங்க நைனா பின்னி மில்லுல வேல பாத்தவரு. 1975ல கல்யாணத்துக்கு அம்மா வீட்ல மாப்பிள்ளைக்கு போட்டது எச்.எம்.டில ஜனதான்னு ஒரு மாடலு. அப்போல்லாம் மாப்பிள்ளைக்கு வாட்ச்சுன்னா எச்.எம்.டி தான். 1961ல ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோட சேந்து பெங்களூர்ல ஆரம்பிச்ச ஃபேக்டரி, நம்ம ஊரு ஆளுங்க கையால செஞ்சது, உள்ள சக்கரம் தேயாம சுத்த 17 கல்லு, பேட்டரி கெடையாது, தினம் சாவி குடுக்கணும். நைனா எந்திரிச்சதும் மொத வேல அதுதான், பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி. மில்லு சங்கு ஊதுறப்போ வாட்ச்ச திருப்பி பாத்து தலைய ஆட்டிக்குவாரு. 1996ல மில்ல மூடிட்டாங்க, அப்புறம் சங்கு இல்ல, ஆனா சாவி குடுக்குறத மட்டும் அவரு விடவே இல்ல.

அவரு போனப்புறம் வாட்ச்சு பீரோல பட்டுப்புடவைக்கு அடியில பத்து வருஷம் கெடந்துச்சு. எடுத்து சாவி குடுத்தா ஓடல. ஒரு கடைல குடுத்தேன், கடை பேரு வேணாம். மூணு நாள் கழிச்சி போனா என் கைல குடுத்தது வேற வாட்ச்சு. கேஸ் அதேதான், பின்மூடி அதேதான், உள்ள கரும்பச்ச டயலு, எழுத்தெல்லாம் தடிதடியா. எங்க நைனா வாட்ச்சு வெள்ள டயல் சார், நாலு மணிக்கு பக்கத்துல டீ கலர்ல ஒரு கற இருக்கும், 1985ஓ 86ஓ மழைல நனஞ்சி தண்ணி உள்ள போனது, அந்த கற எனக்கு சின்ன வயசுலேருந்து தெரியும். எங்கங்க பழைய டயலுன்னா, அது போயிடுச்சு சார், புதுசு போட்டுருக்கோம், எக்ஸ்ட்ரா காசு கூட வாங்கலன்னு சொல்றாரு. நான் விடல. ஒரு பிஸ்கட் டப்பா நெறைய பழைய டயல், முள்ளு, மூடின்னு கொட்டி வெச்சிருந்தாங்க, கடை வாசல்ல உக்காந்து ஒரு மணி நேரம் தேடுனேன். கெடச்சிடுச்சு. அந்த கற தான் காட்டி குடுத்துச்சு.

அதுக்கப்புறம் பழைய வண்ணாரப்பேட்டைல எம்.சி. ரோட்டுக்கு பின்னாடி சந்துல வாட்ச் ரிப்பேர் பண்ற ஒரு பாய் இருக்காருன்னு சொன்னாங்க. ஒரு மேசை, ஒரு லைட்டு, அவ்ளோதான் கடை. கண்ணுல லென்ஸ மாட்டிட்டு தொறந்து பாத்தவரு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "தம்பி, இது வயசாகி கெடல, கை பட்டு கெட்டிருக்கு"ன்னாரு. ஒரு ஸ்க்ரூ வேற வாட்ச்சோடது, முறுக்கி ஏத்திருக்காங்க. சாவியும், அது மாட்டுற கம்பி, ஸ்டெம்முன்னு சொல்வாங்க, அதுவும் வேற ஏதோ ஒண்ணோடது. இப்படியும் அப்படியும் ஆடி நேரத்த அளக்குற பேலன்ஸ் வீல் நிக்கிற அச்சு, ஸ்டாஃப்னு பேரு, அதோட முனை ஒடஞ்சிருக்கு. அந்த முனை தலமுடி கனம் தான் சார் இருக்கும், அதுமேல நின்னுதான் வீலு செகண்டுக்கு அஞ்சு தடவ அடிக்கும், மணிக்கு 18,000, ஒரு நாளைக்கு 4,32,000. அத நெனச்சா நைனா கைல அத்தன வருஷம் ஓடுனதே பெருசுன்னு தோணும்.

"பொறுமை இருக்கா? ஒரிஜினல் சாமான் கெடைக்கிற வரைக்கும் தொட மாட்டேன்"னாரு பாய். சரின்னேன். அது பதினாலு மாசம் ஆச்சு. சாமான் தேடுறது என் வேல. மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சப்புறம் அல்லிக்குளம் பக்கம் வந்த கடைங்க இருக்குல்ல, அங்க ஞாயித்துக்கிழமைங்கள்ல போயி செத்த ஜனதாவா பொறுக்குனேன். மொத ரெண்டும் வேஸ்ட்டு, உள்ள துரு. மூணாவதுல பேலன்ஸ் நல்லா ஆடுச்சு, நாலாவதுல சாவி, ஸ்டெம், அந்த ஒரு ஸ்க்ரூ. எல்லாம் எச்.எம்.டியோடதே, அதே மிஷினோடதே.

பாய் வேல செய்யுறத பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்தேன். மொதல்ல சாவி குடுத்தா முறுக்கிக்கிற மெயின் ஸ்பிரிங்ல இருக்குற முறுக்க மெதுவா எறக்குனாரு, அத எறக்காம கழட்டுனா வீலுங்க விர்ருன்னு சுத்தி பல்லு போயிடுமாம். ஒவ்வொண்ணா கழட்டி பெட்ரோல்ல கழுவி, கல்லு ஓட்டைங்கள மரக்குச்சி முனையால தொடச்சி, ஊசி முனைல எண்ணெய் தொட்டு வெச்சாரு. சொட்டு கூட இல்ல, தொட்டு தான். அதிகமானா பரவி பேலன்ஸ் வீலோட இருக்குற மெல்லிசான ஹேர் ஸ்பிரிங்குக்கு போயிடும், ஒரு சுத்து இன்னொரு சுத்தோட ஒட்டிக்கும், வாட்ச்சு தறிகெட்டு ஓடும். டயல தொடக்கூட இல்ல, காத்து அடிச்சி தூசிய மட்டும் எடுத்தாரு. ஈரத்துணி பட்டா எழுத்தே கையோட வந்துடுமாம்.

எதையுமே மாத்தக்கூடாதுன்னு நான் சொல்லல. மெயின் ஸ்பிரிங் தளந்து போகும், மேல் கண்ணாடி வெறும் பிளாஸ்டிக்கு தான், கீறல் விழும், ஒடையும். அதெல்லாம் புதுசு போட்டோம், அது செருப்புக்கு வார் மாத்துற மாதிரி. டயலு, முள்ளு, மிஷினு அப்படி இல்ல. அது போனா வாட்ச்சு போச்சு.

இத படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ரிப்பேருக்கு குடுக்கும்போது டயல மாத்தாதீங்கன்னு வாய விட்டு சொல்லுங்க, குடுக்குறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சிக்குங்க, எது மாத்துனாலும் பழச கேட்டு வாங்குங்க. பழைய வாட்ச்ச வெலைக்கு வாங்குறவங்க ஒரு லென்ஸ் வெச்சி பாருங்க, கம்பெனி அச்சு மெல்லிசா ஒரே சீரா இருக்கும், பெயிண்ட் அடிச்சதுல எழுத்து ஊறிப்போயிருக்கும், நிமிஷ கோடும் மணி கோடும் ஒண்ணுக்கொண்ணு நேரா நிக்காது. தொறந்து பாக்க முடிஞ்சா டயலுக்கு பின்னாடி அத மிஷினோட புடிச்சி வெக்கிற ரெண்டு சின்ன கம்பி கால் இருக்கான்னு பாக்க சொல்லுங்க, வேற டயல ஏத்துறவங்க சில பேரு கால வெட்டிட்டு பசை போட்டு ஒட்டிடுறாங்க.

2016 ஜனவரில எச்.எம்.டி வாட்ச் கம்பெனிய மூடுறதுன்னு மத்திய அரசு முடிவு பண்ணிடுச்சு. இனிமே ஒரு ஸ்க்ரூ புதுசா கெடைக்குறதே கஷ்டம். நம்ம வீட்டு பீரோல கெடக்குற செத்த வாட்ச்சு தான் இனிமே ஸ்பேர் பார்ட்ஸ் கடை. வடசென்னை ஐ.டி.ஐங்கள்ல இந்த வேலைய கத்து குடுத்தா நல்லா இருக்கும், பாய்க்கு கண்ணு மங்கிட்டே வருது, பக்கத்துல உக்காந்து கத்துக்க ஒருத்தரும் இல்ல.

எங்க நைனா வாட்ச்சு இப்போ நாளைக்கு 20 செகண்டு முன்னாடி ஓடுது, கற அதே எடத்துல இருக்கு. நான் காலைல சாவி குடுக்குறேன். பாய் மேசைல இன்னொருத்தரோட ஜனதா ஒண்ணு ஸ்டெம் இல்லாம ஏழு மாசமா காத்துட்டு இருக்கு. பெரம்பூரு, காசிமேடு, வியாசர்பாடின்னு எங்க இருந்தாலும் சரி, வீட்ல ஓடாத எச்.எம்.டி இருந்தா காயலான் கடைக்கு போடாதீங்க, உங்க தெருவுல இருக்குற பழைய வாட்ச் ரிப்பேர்காரர்கிட்ட கொண்டு போயி குடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81