குடித்து முடித்தால் தெரியும் படம்

அன்புள்ள கண்ணம்மா,

திராட்சைத் தோட்டத்தில் மாலை உரைக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று படித்ததும் சிரிப்பு வந்தது. ஒயினை ஒரு வாய்கூட ருசித்துப் பார்க்காத நான் வகுப்பில் வருஷக்கணக்காக ஒயின் ஓவியங்களைப் பற்றிப் பேசியிருக்கிறேன். நீ கையில் கோப்பையோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசப் போகிறாய். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். நாற்பது படங்கள்! ஒரு மணி நேரத்தில் நாற்பது படம் காட்டினால் ஒன்றுகூட மனதில் நிற்காது. நாலு போதும். அவர்களை ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார வை.

இருட்டும்வரை திரையில் படம் சரியாகத் தெரியாது என்பதையும் மறந்துவிடாதே. அந்த நேரத்துக்கு எக்சீகியாஸ் என்ற கிரேக்கக் குயவனின் கோப்பையை வைத்துக்கொள். பெரிதாக அச்சடித்துக் கைக்குக் கை கொடுத்துவிடு. கி.மு. 530 வாக்கில் ஏதென்ஸில் செய்தது, இப்போது மியூனிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலமான, ஆழமில்லாத குடிக்கும் கோப்பை. அதன் உள்பக்கத்தில் ஒயின் கடவுள் டயோனிசஸ் படகில் சாய்ந்திருக்கிறார். பாய்மரத்தில் திராட்சைக்கொடி படர்ந்து ஏழு குலைகள் தொங்குகின்றன, சுற்றிலும் ஏழு டால்பின்கள். ஒயின் நிறைந்திருக்கும்போது இது எதுவும் சரியாகத் தெரியாது. குடிக்கக் குடிக்கத்தான் படகு வெளியே வரும். வெளிப்பக்கத்தில் இரண்டு பெரிய கண்கள் வரைந்திருக்கும். குடிப்பவர் கோப்பையைத் தூக்கினால் எதிரே இருப்பவருக்கு அது முகமூடி மாதிரித் தெரியும். குடிக்கும் செயலையே ஓவியத்தின் பாதியாக்கிவிட்டான் அந்தக் குயவன். இதைச் சொல்லிவிட்டு அவரவர் கோப்பையைத் தூக்கிப் பார்க்கச் சொல். சிரிப்பார்கள், அப்புறம் கவனிப்பார்கள்.

கொஞ்சம் யோசிக்க வைக்கும் விஷயத்தை முதல் கோப்பை காலியாகும் முன்பே சொல்லிவிடு. இரண்டாவதற்குப் பிறகு யாருக்கும் ஆண்டுகள் தலையில் ஏறாது.

இருட்டியதும் இத்தாலிய ஓவியர் கேரவாஜியோ. 1590-களின் கடைசியில் வரைந்த பாக்கஸ் (டயோனிசஸுக்கு ரோமானியர் சொன்ன பெயர்), ஃப்ளோரன்ஸின் உஃபிஸி அருங்காட்சியகத்தில் இருப்பது. எல்லாரும் முதலில் அந்தப் பையனின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நீ கையைக் காட்டு. கடவுள் என்று பெயர், நகத்தில் அழுக்கு. நம் பக்கம் நீட்டும் ஒயினில் வட்ட வட்டமாக அலை இருக்கிறது, கை லேசாக நடுங்குவது போல. தட்டில் பாதிப் பழம் அழுகிக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கண்ணாடிக் குடுவையில் ஒரு சின்ன உருவம் பிரதிபலிக்கிறது. 1922-இல் படத்தைச் சுத்தம் செய்தபோது கவனித்தது. வரைந்தவரே அது என்கிறார்கள். (அதே 1922-இல்தான் துட்டன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்த ஒயின் ஜாடிகளில் ஆண்டு, தோட்டம், ஒயின் செய்தவர் பெயர் எல்லாம் எழுதியிருந்தது. தோட்டக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும், போகிற போக்கில் சொல்.)

அதற்குப் பிறகு ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்க்வெஸ், 1628–29-இல் வரைந்தது. அவருடைய பாக்கஸும் கடவுள்தான், ஆனால் சுற்றி இருப்பது வெயிலில் கருத்த உழைப்பாளிகள். ஒருவன் கிண்ணத்தோடு நம்மைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறான். எனக்குக் கடவுளைவிட அவனைத்தான் பிடிக்கும். இந்தப் படத்துக்கு அதிகம் பேச வேண்டாம், அவன் சிரிப்பே போதும்.

வான்கோவின் சிவப்புத் திராட்சைத் தோட்டத்தை விடவே கூடாது. 1888 நவம்பரில் ஆர்ல் ஊரில் வரைந்தது. மழைக்குப் பிறகு மாலை வெயிலில் பார்த்த தோட்டத்தை நினைவிலிருந்து வரைந்தார். 1890-இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் ஆன்னா போக் என்ற ஓவியர் 400 ஃபிராங்க் கொடுத்து வாங்கினார். வான்கோ வாழ்நாளில் விற்ற ஒரே படம் இதுதான் என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். நீ அப்படிச் சொல்லாதே. அவருடைய சித்தப்பாவே 1882-இல் அவரிடம் காசு கொடுத்துக் கோட்டோவியங்கள் வாங்கியிருக்கிறார். கண்ணீர்க் கதை வேண்டாம். அந்தப் படத்தில் குனிந்து பழம் பறிப்பவர்களைக் காட்டு. நீங்கள் குடிப்பதற்கு முன்னால் இவ்வளவு முதுகுகள் வளைந்திருக்கின்றன என்பதை ஒரு வரியில் சொன்னால் போதும்.

நேரம் மிச்சமிருந்தால் லியோனார்டோ. 'கடைசி விருந்து' வரைந்து முடித்த சமயத்தில் மிலான் பிரபு அவருக்கு ஒரு திராட்சைத் தோட்டம் கொடுத்தார். 1519-இல் உயிலில் அதைப் பாதி சீடன் சலாய்க்கும் பாதி வேலைக்காரருக்கும் எழுதிவைத்தார். ஓவியமோ அவர் காலத்திலேயே உதிர ஆரம்பித்துவிட்டது.

நீ குடிக்கிறாயா இல்லையா என்பது உன் விருப்பம், நான் கேட்க மாட்டேன். பேசும்போது மட்டும் தண்ணீர் வைத்துக்கொள், தொண்டை கட்டும். எக்சீகியாஸ் கோப்பையின் தெளிவான படம் என்னிடம் ஒன்று இருக்கிறது. எந்த அளவில் அச்சடிக்கப் போகிறாய் என்று எழுது, அதற்கேற்ப ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா