அட்கின் பிரபுவுக்கு, ஜூன் 25 அன்று

மதிப்பிற்குரிய ஐயா,

இங்கிலாந்தின் நீதிபதியாக இருந்த நீங்கள் கண்மூடியது 1944 ஜூன் 25. எங்கள் நாட்டில் நெருக்கடி நிலை அறிவித்ததும் ஒரு ஜூன் 25 இரவுதான், 1975-இல். இந்தத் தேதி வந்தால் உங்களை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

பிரிஸ்பேனில் பிறந்தது, சிறு வயதிலேயே அப்பாவை இழந்தது, வேல்ஸில் பாட்டி வீட்டில் வளர்ந்தது எல்லாம் நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? 1941-ஐ மட்டும் சொல்லிவிடுகிறேன். போர்க்காலம். ஒருவரை விசாரணையின்றி அடைக்க, காரணம் இருக்கிறது என்று அமைச்சர் நம்பினாலே போதும் என்றார்கள் உங்களோடு அமர்ந்த மற்ற நான்கு நீதிபதிகளும். காரணத்தைக் காட்டச் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். 1976-இல், நெருக்கடி நிலைக் கைதுகள் பற்றிய ஜபல்பூர் வழக்கில் எங்கள் உச்ச நீதிமன்றம் அந்த நால்வர் பக்கமே சாய்ந்தது; நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டும் உங்களைப் போலத் தனித்து நின்றார். ஆட்கொணர்வு மனு போடும்போதெல்லாம் மனசுக்குள் உங்களைக் கும்பிட்டிருக்கிறேன்.

அதனால்தான் பால்ஃபோர் வழக்கு இவ்வளவு வலிக்கிறது.

ஒரு குடும்ப நல நீதிமன்றம். ஊர், பெயர் வேண்டாம். தொழிலில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள். என் கட்சிக்காரப் பெண் மளிகைக் கணக்கு நோட்டைக் கொண்டுவந்திருந்தாள். துவரம்பருப்பு, நல்லெண்ணெய் விலைக்குக் கீழே, மாதாமாதம் இவ்வளவு தருகிறேன் என்று புருஷன் நீல மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, அந்த வாக்குறுதி சட்டப்படி செல்லாது என்று காட்ட, பால்ஃபோர் வழக்கில் 1919-இல் நீங்கள் சொன்னதை வாசித்தார்: இப்படிப்பட்ட வாக்குறுதிகளுக்காக மன்னரின் ஆணை வீட்டுக்குள் நுழையாது. அவள் என் முகத்தையே பார்த்தாள். ஜீவனாம்சம் பிற்பாடு கிடைத்தது, நோட்டில் இருந்ததைவிடக் குறைவாக.

அந்த வழக்கின் பால்ஃபோர், இலங்கையில் நீர்ப்பாசன இயக்குநராக இருந்தவர், வாத நோயோடு இங்கிலாந்தில் தங்கிவிட்ட மனைவிக்கு மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொன்னார். கீழ் நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டில் அதைப் பறித்தது நீங்கள் மூன்று நீதிபதிகளும். ஜிஞ்சர் பீர் பாட்டிலில் நத்தை கிடந்தது என்று வழக்குப் போட்ட ஸ்காட்லாந்துப் பெண்ணுக்காக, யாருக்குத் தீங்கு வராமல் பார்க்கும் கடமை நமக்கு உண்டு என்று தேடி, 1932-இல் 'என் அயலார் யார்' என்று கேட்டீர்களே, பால்ஃபோரின் மனைவி யார் ஐயா?

கேட்டது மரியாதைக் குறைவு என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் உள்ளே விட்டால் நீதிமன்றங்கள் தாங்காது என்று அஞ்சினீர்கள். குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் நாள் முழுக்க நிற்பவள் நான், அந்த அச்சம் புரிகிறது. ஆனாலும், போர் நடுவே அமைச்சரிடம் கணக்குக் கேட்டவருக்குப் புருஷனிடம் கேட்க என்ன தயக்கம்?

நாளைக்கும் அப்படி ஒரு வழக்கு இருக்கிறது. இந்த முறை வாக்குறுதி முத்திரைத்தாளில், இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு இருக்கிறது. எழுதி வாங்கச் சொன்னது நான்தான். உங்கள் அந்த வரிக்குப் பயந்து.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்