64 சீட்டுகளில் ஒரே பெயர்

அன்புடையீர், வணக்கம்.

புதுச்சேரியில் ஐந்து நாள் நடந்த என் மட்கலக் கண்காட்சி சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவோடு முடிந்தது. 64 கலங்கள் வைத்தேன், 41 விலைபோயின. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சின்னச் சீட்டு: என்ன மண், என்ன சூடு, என்ன விலை, யார் செய்தது. கடைசி நாள் இரவு அவற்றைச் சேகரித்து அடுக்கும்போதுதான் உறுத்தியது. 64 சீட்டுகளிலும் என் பெயர் மட்டுமே இருந்தது. கூச்சமாகிவிட்டது. ஆகவே இந்த மடல்.

முதலில் எங்கள் தெருமுனை இட்லிக் கடை ஆயா. இன்னமும் விறகடுப்பில்தான் அவிக்கிறார். எட்டு மாதமாக அடுப்புச் சாம்பலைப் பழைய பெயிண்ட் வாளிகளில் சேர்த்துத் தந்தார். பாத்திரம் துலக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்திருந்தாராம். அதைச் சலித்து, தண்ணீரில் கரைத்து, மேலே தெளியும் காரத் தண்ணீரை நாலைந்து முறை இறுத்துவிட வேண்டும். கையுறை போடாமல் செய்தால் விரல் வெந்துவிடும், பட்டவள் சொல்கிறேன். காய்ந்ததும் ஃபெல்ட்ஸ்பார் என்ற பாறைக் கனிமப் பொடியும் களிமண்ணும் சேர்த்துக் கலந்தால், கலத்துக்குப் பளபளப்பு தரும் பூச்சு தயார். 1,280 டிகிரிச் சூட்டில் சாம்பலிலுள்ள சுண்ணாம்புச் சத்து மற்றவற்றையும் இளக்கிக் கண்ணாடியாக்கிவிடும். சூளைக்குள் காற்றைக் குறைத்து எரித்தால், கலவையிலிருக்கும் துளி இரும்பு பச்சை நிறம் காட்டும்.

வாயிலருகே வைத்திருந்த பெரிய ஜாடியில் அந்தப் பச்சை தோளிலிருந்து வழிந்து, அடிக்கு ஓர் அங்குலம் மேலே ஒரு துளியாகத் திரண்டு நின்றது. அங்கே நின்றது என் சாமர்த்தியம் இல்லை. இன்னும் கொஞ்சம் வழிந்திருந்தால் ஜாடி சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் ஆயா வந்தார். துளியை விரலால் தடவிப் பார்த்து, "இதுவா என் அடுப்புச் சாம்பல்?" என்றார். பிறகு சீட்டிலுள்ள விலையைப் படிக்கச் சொன்னார். படித்தேன். சற்று நேரம் என்னிடம் பேசவே இல்லை. அடுத்த வாளிக்கு விலை பேசிக்கொண்டுதான் தருவார் என்று நினைக்கிறேன். நியாயம்தான்.

அந்த ஜாடியை அவ்வளவு பெரிதாக எழுப்பக் கற்றுக்கொடுத்தவர் வில்லியனூரில் பானை செய்யும் ஐயா. சக்கரத்தில் நான் எவ்வளவு முயன்றாலும் முழங்கால் உயரத்துக்கு மேல் மண் சரிந்துவிடும். அவர் அரைகுறையாகக் காய்ந்த பானையை மடியில் வைத்து, உள்ளே உருண்டைக் கல்லைப் பிடித்து, வெளியே மரத்தட்டால் தட்டித் தட்டி வயிற்றைப் பெரிதாக்கிக் காட்டினார். கண்ணால் பார்க்காதே, ஓசையைக் கேள் என்பார். சுவர் மெலிய மெலிய ஓசை மாறுகிறது. இது புரிய எனக்கு இரண்டு மாதமும் ஒன்பது ஜாடிகளும் ஆயின. ஆனால் என் கலங்கள் மேல் அவருக்குப் பெரிய மதிப்பு கிடையாது. "தண்ணீரைக் குளிர வைக்காதது பானையா?" என்று கேட்டார். உண்மைதான். அவர் பானையில் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகிறது. என்னுடையது இறுகிக் கல்லாகிவிட்டது. என்னிடம் பதில் இல்லை.

1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இந்த ஊரில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்கலப் பட்டறையைத் தொடங்கியிருக்காவிட்டால், நானெல்லாம் இந்தத் தொழிலுக்கு வந்திருக்க மாட்டேன். நான் அங்கே பயிலவில்லை. எனக்குச் சக்கரம் பிடிக்கச் சொல்லித்தந்த அக்கா அங்கே பயின்றவர். 2018இல் ஜெய்ப்பூர் ஜவஹர் கலா கேந்திராவில் நடந்த முதல் இந்திய செராமிக் டிரைனாலே என்ற பெரிய மட்கலைக் கண்காட்சிக்கு என்னை இழுத்துப் போனவரும் அவரே. மண்ணை வைத்துக் குவளைதான் செய்ய வேண்டும் என்றில்லை, ஓர் அறையையே நிரப்பலாம் என்று அங்கேதான் பார்த்தேன். திரும்பி வந்து குவளைதான் செய்தேன் என்பது வேறு விஷயம்.

ஒப்புக்கொண்டிருந்த அரங்கம் பத்து நாளுக்கு முன் கைவிரித்தது. அப்போது தங்கள் வீட்டையே திறந்துவிட்ட ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதிக்கு என்ன சொல்வது? திண்ணையில் குவளைகள், முற்றத்தைச் சுற்றி ஜாடிகள். மேலிருந்து இறங்கிய அந்த வெளிச்சத்தை எந்த அரங்கத்து விளக்கும் தந்திருக்காது. ஐந்து நாளும் வந்தவர்களுக்கெல்லாம் அந்த வீட்டு அம்மா மோர் கொடுத்தார், என் குவளைகளில் அல்ல, எவர்சில்வர் டம்ளரில். உடைந்துவிடுமாம்.

வைக்கோல் திணித்த பெட்டிகளை ஒவ்வொரு வேகத்தடையிலும் மாட்டுவண்டி வேகத்தில் ஏற்றி இறக்கிய சரக்கு வண்டித் தம்பிக்கு நன்றி. வழியில் ஒன்றுகூட உடையவில்லை. உடைந்தது வாசற்படியில், என் கையால்.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்த வரலாற்று ஆசிரியைக்குத் தனியாக ஒரு நன்றி. 1945இல் பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியதையும், அங்கே கிடைத்த தட்டுகளின் உட்புறத்தில் வட்டம் வட்டமாக ஓடும் சிறு பொட்டுகளையும் பற்றிச் சொல்லியே கூட்டி வந்திருக்கிறார். ஒரு சிறுமி என் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொட்டுகளைத் தேடினாள். ஒன்றில் கண்டுபிடித்தும்விட்டாள்! செதுக்கும்போது கருவி துள்ளி விழுந்த தடம் அது. குறை என்று எண்ணிப் பின்வரிசையில் ஒளித்து வைத்திருந்தேன். அந்தத் தட்டை இப்போது விற்பதாக இல்லை.

குவளைக்குச் சொல்லிவைத்த ஏழு பேருக்கும்: மழை விட்ட பிறகுதான் அடுத்த சூளை. ஈர விறகை நம்பி ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டது போதும். திண்ணையில் யாரோ ஒரு கறுப்புக் குடையை விட்டுப் போயிருக்கிறீர்கள். அந்த வீட்டு அம்மாவிடம் பத்திரமாக இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
குயவுத் தொழிலில் உங்கள் தோழி
புதுச்சேரி