பாப்பா சான் பிரான்சிஸ்கோ வருவதைப் பற்றி

சான் பிரான்சிஸ்கோ
ஏப்ரல் 2025

அன்புள்ள மாப்ளே,

உன் வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். பாப்பாவுக்கு இங்கே வேலை கிடைத்த சந்தோஷம் முதல் அரை நிமிஷம்தான், மீதி முழுக்கப் பயம். யாரோ அனுப்பிய வீடியோவில் தெரு நீளத்துக்கு டென்ட், ஊசி, நின்றபடியே மடங்கிக் கிடக்கிற மனுஷர்கள். "இந்த ஊருக்கா பொம்பளப் பிள்ளையை அனுப்புறது, நீயே சொல்லு" என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் சும்மா ஆறுதல் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீடியோ பொய்யில்லை. அந்தப் பேட்டைக்கு டெண்டர்லாயின் என்று பெயர். நகரசபைக் கட்டடத்திலிருந்து பொடிநடையாகப் போகிற தூரம்தான். போன மாதம் எல்லிஸ் தெருவில் ஒருவரைப் பார்த்தேன். இடுப்பில் இரண்டாக மடங்கி, தலை முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்க, கீழே விழாமல் அப்படியே நின்றார். ஃபென்டனில் என்கிற செயற்கைப் போதை மருந்து உள்ளே போனால் உடம்பு அப்படி ஆகிவிடும். ஒரு காலில் ஷூ, இன்னொரு காலில் பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தது. நான் பார்க்கும்போதே சரிந்தார், உதடு நீலம் பாய்ந்தது. பக்கத்துக் கடையில் கல்லாவில் இருந்த பெண் ஓடிவந்து, மூக்கில் அடிக்கிற நார்கன் மருந்தை அடித்து, நெஞ்சில் கை வைத்துப் பார்த்து, இன்னொன்றும் அடித்தாள். மூச்சு திரும்பியது. அவள் எழுந்து, கை கழுவிக்கொண்டு, பாதியில் விட்ட வியாபாரத்தைப் பார்க்கப் போனாள். எத்தனையாவது தடவை என்று கேட்டேன். எண்ணுவதை விட்டுவிட்டேன் என்றாள்.

2023-ல் மட்டும் இந்த நகரத்தில் போதை மருந்து அளவு மீறி 800 பேருக்கு மேல் செத்தார்கள். எட்டு லட்சம் பேர் இருக்கிற ஊர் இது. அடுத்த வருஷம் 600 சொச்சமாகக் குறைந்தது. குறைந்தது என்று எழுதவே எனக்குக் கை வரவில்லை.

உன்னிடம் மறைக்கக்கூடாத இன்னொன்று. இரண்டு வருஷத்துக்கு முன் சுரங்க ரயில் நிலையப் படிக்கட்டில் ஒருவன் காரணமே இல்லாமல் கத்திக்கொண்டு வந்து என் மனைவியைச் சுவரோடு தள்ளினான். அடி பலமில்லை. ஆனால் நாலு மாதம் அவள் ரயில் ஏறவில்லை. அவன் சுயநினைவில் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்ததால் அவள் நடுக்கம் குறைந்துவிடவில்லை. இதை இங்கே வெளியே சொன்னால் சில நல்ல மனுஷர்களே முகம் சுளிக்கிறார்கள், ஏழைகளைக் குற்றம் சொல்கிறோமாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பயந்து பயந்து நடக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏழைகள்தான். வீட்டு வேலை முடிந்து ராத்திரி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள், அந்தப் பேட்டையிலேயே குடியிருக்கிற வியட்நாம், யேமன், மெக்சிகோ குடும்பங்கள். பணம் இருக்கிறவன் கார் எடுத்துக்கொண்டு சுற்றிப் போய்விடுகிறான்.

அதே சமயம் கணக்கையும் பார். 2024-ல் இங்கே கொலை 35. அதுவரை அறுபது வருஷத்துக்கு மேலாக அவ்வளவு குறைந்ததில்லை. கார் கண்ணாடி உடைத்துத் திருடுவதும் நன்றாகக் குறைந்திருக்கிறது. வீடியோவில் வருவது ஏழெட்டுத் தெரு. ஊர் அதைவிடப் பெரிது.

இப்போது நான் நிஜமாகவே பேச நினைப்பதற்கு வருகிறேன். திருவல்லிக்கேணி மேன்ஷன் ரூம் ஞாபகம் இருக்கிறதா? மூன்று கட்டில், நடக்க ஒரு முழம் இடம், காலையில் பாத்ரூம் வாசலில் பக்கெட் வரிசை, சம்பள நாளில் மட்டும் ரத்னா கபே இட்லி. வேலை போன அந்த வருஷம் இரண்டு மாதம் வாடகை பாக்கி வைத்தோம். மேனேஜர் திட்டினார், ஆனால் பெட்டியை வெளியே தூக்கிப் போடவில்லை. அந்த ரூம் இல்லாமல் போயிருந்தால் நாம் எங்கே படுத்திருப்போம்? நீ கூச்சப்படுவாய், இருந்தாலும் சொல்கிறேன்: சென்ட்ரலில் பெஞ்சு தேடியிருப்போம்.

இந்த ஊரிலும் அதே மேன்ஷன்கள் இருந்தன. ஒற்றை அறை, ஒரு கட்டில், சுவரோரம் ஒரு வாஷ்பேசின், கக்கூஸும் குளியலறையும் வராந்தா கோடியில். கப்பல் துறைமுகக் கூலிகள், ஹோட்டல் சமையல்காரர்கள், ஓய்வு பெற்ற மாலுமிகள் எல்லாம் வாரக் கூலியில் வாரவாடகை கட்டி அதில்தான் ஆயுசைக் கழித்தார்கள். (இன்றும் மிச்சமிருக்கிறவற்றில் பலவற்றை நடத்துவது நம் குஜராத்திப் படேல்கள். 1940-களிலேயே வந்து குத்தகைக்கு எடுத்தவர்கள்.) 1960-களிலும் 70-களிலும் நகரை அழகுபடுத்துகிறோம் என்று மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே அந்த அறைகளை ஆயிரக்கணக்கில் இடித்து, மாநாட்டு மண்டபம் கட்டினார்கள்.

கியர்னி தெருவில் இன்டர்நேஷனல் ஹோட்டல் என்று ஒன்று. பெரும்பாலும் வயதான பிலிப்பினோ, சீனத் தொழிலாளிகள் இருந்த இடம். 1977 ஆகஸ்ட் 4, விடிவதற்கு முன் போலீஸ் வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கை கோத்து வாசலை மறித்து நின்றும் பயனில்லை. கிழவர்களை ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்து விட்டார்கள். பிறகு கட்டடத்தையும் இடித்தார்கள். அந்த இடம் இருபது வருஷத்துக்கு மேல் வெறும் பள்ளமாகக் கிடந்தது மாப்ளே. 2005-ல்தான் முதியோருக்கான வீடுகள் அங்கே எழும்பின. வெளியேற்றப்பட்டவர்களில் அதைப் பார்க்க இருந்தவர்கள் மிகச் சிலர்.

1980-களின் தொடக்கத்தில் விழித்துக்கொண்டு, மிச்ச அறைகளை ஈடு கட்டாமல் சுற்றுலா விடுதியாக மாற்றக்கூடாது, இடிக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். அப்படித் தப்பியது ஏறத்தாழ 19,000 அறை. ஆனால் 1978-லேயே ஊரின் குடியிருப்புப் பகுதிகளில் பெரும்பாலும் 40 அடிக்கு மேல் கட்டடம் எழும்பக்கூடாது என்று கட்டுப்பாடு வந்துவிட்டது. புது வீடு அத்தி பூத்த மாதிரி. அப்புறம் கம்ப்யூட்டர் பணம் வந்து கொட்டியது. 2025 தொடக்கத்தில் ஒரு பெட்ரூம் வீட்டு வாடகை மாதம் 3,000 டாலரை ஒட்டி இருந்தது. அப்போது சட்டப்படிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 18.67 டாலர். வாரம் 40 மணி நேரம் உழைத்தால் வரி பிடிப்பதற்கு முன் மாதம் 3,200 சொச்சம். தின்பது எதை? இதில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, ஒரு விவாகரத்து, ஒரு வேலை இழப்பு வந்தால் போதும். தெருவில் இருப்பவர்கள் எல்லாம் வெளியூரிலிருந்து வந்த போதை ஆசாமிகள் என்று இங்கேயும் சொல்வார்கள். வீட்டை இழக்கும்போது அவர்களில் பெரும்பாலானோர் இதே ஊரில் குடியிருந்தவர்கள். பலருக்குப் போதை பிளாட்பாரத்துக்கு வந்த பிறகு பிடித்தது. நாலு ராத்திரி குளிரில் விழித்துக் கிடந்தால் யாருக்கும் எதுவும் பிடிக்கும்.

2024 ஜனவரியில் எண்ணியபோது வீடில்லாதவர்கள் 8,323 பேர். பாதிக்கு மேல் தெருவிலும் வண்டிக்குள்ளும். அந்த ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், படுக்க வேறு இடம் இல்லாவிட்டாலும் வெளியே படுப்பவனுக்கு நகரங்கள் அபராதம் போடலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு டென்ட் கண்கூடாகக் குறைந்துவிட்டது. மனுஷர்கள் குறையவில்லை. டென்ட் இருந்த இடத்தில் போர்வை, அதையும் விரட்டினால் அடுத்த பேட்டை. கடைக்காரருக்குக் கொஞ்சம் நிம்மதி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மருந்து, காகிதம், அடையாள அட்டை எல்லாம் அந்த டென்ட்டோடு குப்பை லாரியில் போனால், அந்த ஆள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நம்பிக்கை தருகிற ஒன்றும் சொல்ல வேண்டும். மத்தியானம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அதே டெண்டர்லாயினில் பளிச்சென்ற மேல்சட்டை போட்டவர்கள் முக்குக்கு முக்கு நிற்பார்கள். அந்தப் பேட்டைத் தாய்மார்கள் தொடங்கியது. பிள்ளைகள் வரிசையாக வரும்போது முன்னாலே போகிறவர் "குழந்தைகள் வருகிறார்கள்" என்று குரல் கொடுப்பார். பிளாட்பாரத்தில் கிடக்கிறவர்கள் கையில் இருப்பதைச் சட்டைக்குள் மறைத்து, காலை மடக்கி வழி விடுவார்கள். கண்ணே திறக்காத ஒருவர் காலை மட்டும் இழுத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அவரையும் மனுஷன் என்று எண்ணித்தான் ஒரு அறை கொடுக்க வேண்டும் என்கிறேன். வைத்தியம், கண்டிப்பு எல்லாம் கதவும் பூட்டும் உள்ள அறை கிடைத்த பிறகுதான் பிடிக்கும்.

பாப்பாவை அனுப்பு. ஆபீஸ் மிஷன் பே பக்கம் என்றால் சன்செட் பேட்டையில் தங்கட்டும். என்-ஜூடா டிராம் வண்டி ஒன்றே போதும், இறங்கி மாற வேண்டாம். ராத்திரி பத்துக்கு மேல் மார்க்கெட் தெரு நடுப்பகுதியில் தனியாக நடக்க வேண்டாம். காருக்குள் சார்ஜர் வயர்கூடக் கண்ணில் படும்படி வைக்கக்கூடாது. யாராவது கத்தினால் எதிர்த்துப் பேசாமல் தெருவைக் கடந்துவிட வேண்டும். நார்கன் ஒன்று நான் வாங்கிக் கொடுக்கிறேன், பையில் கிடக்கட்டும்.

ரூம் இரண்டு சொல்லி வைத்திருக்கிறேன். ஒன்று வாடகை அதிகம். இன்னொன்று குறைச்சல், ஜன்னலில் கடல் காற்று வரும், ஆனால் பாத்ரூம் பொது. அவளுக்குச் சம்மதமா என்று கேட்டு இந்த வாரத்துக்குள் சொல். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லு.

என்றும் உன்
பழைய ரூம்மேட்